தென்னாப்பிரிக்காவின் ஆறு நிறக் கொடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கொடி கண்ணில் பட்டிருக்கும். ஆனால் இதைப் பற்றித் தமிழில் சுற்றுகிற பல தகவல்களில், முக்கியமாக "எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்" என்கிற பட்டியல்களில், ஆதாரமே இல்லாத விஷயங்கள் நிறைய. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதையே மனப்பாடம் செய்கிறார்கள். உண்மைக் கதை அந்தப் பட்டியலைவிட ரொம்பவே சுவையானது என்பதால் கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன்.

கொடி சரியாக எப்படி இருக்கும்? பிள்ளைக்கு வரைந்து கொடுக்க வேண்டும்.

நீளம் 45 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கொடியின் அளவு விகிதம் 3க்கு 2. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக அளந்தால் சிவப்பு 10 செ.மீ., வெள்ளை 2, பச்சை 6, வெள்ளை 2, நீலம் 10 என்று வரும். பச்சைப் பட்டை இடது பக்கத்தின் மேல் மூலையிலிருந்து ஒன்றும் கீழ் மூலையிலிருந்து ஒன்றுமாகப் புறப்பட்டு, கொடியின் நடுவில் சேர்ந்து, ஒரே பட்டையாக வலது ஓரம் வரை ஓடும். பார்க்க, படுக்க வைத்த கவட்டைக் குச்சி மாதிரி இருக்கும். கவட்டைக்கு உள்ளே, கம்பத்தை ஒட்டி, கறுப்பு முக்கோணம். கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே 2 செ.மீ. அகலத்தில் தங்க மஞ்சள் கோடு.

பெரும்பாலான படங்களில் தப்பு நடப்பது கோடுகளில்தான். மஞ்சள் கறுப்பை ஒட்டி மட்டுமே வரும். வெள்ளை, சிவப்பையும் நீலத்தையும் ஒட்டி மட்டுமே வரும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் கொடியின் கதையே மாறிவிடும், ஏன் என்று மூன்றாவது கேள்வியில் வருகிறது. சிவப்புக்கு அரசு விவரக் குறிப்பில் இருக்கிற பெயர் மிளகாய்ச் சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பாக அடிக்காமல், காய்ந்த மிளகாயின் லேசான ஆரஞ்சுச் சாயல் தெரிகிற மாதிரி அடித்தால் சரியாக வரும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் என்ன அர்த்தம்?

அதிகாரபூர்வமாக எந்த அர்த்தமும் கிடையாது.

சிவப்பு விடுதலைப் போரில் சிந்திய ரத்தம், நீலம் இரண்டு பெருங்கடல்கள், பச்சை வயல்வெளி, மஞ்சள் தங்கச் சுரங்கம், கறுப்பு கறுப்பின மக்கள், வெள்ளை வெள்ளையர் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இதை எழுதியது தென்னாப்பிரிக்க அரசு இல்லை. இந்தக் கொடியின் நிறங்களுக்குப் பொதுவான குறியீட்டுப் பொருள் எதையும் ஏற்றக் கூடாது என்பதுதான் அரசின் நிலை. நிறத்துக்கு நிறம் விளக்கம் சொல்லும் கொடிகள் உலகத்தில் ஏராளம், அந்தப் பழக்கத்தில் இதற்கும் யாரோ பொழிப்புரை எழுதிவிட்டார்கள்.

அரசு வேண்டுமென்றேதான் இப்படி ஒதுங்கிக்கொண்டது என்று நினைக்கிறேன், அது புத்திசாலித்தனமும்கூட. இந்தக் கொடி வந்த 1994இல் அந்த நாட்டில் ஒரே நிறத்தைப் பார்த்து ஒருவர் பெருமைப்பட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சிறைவாசத்தை நினைத்தார். கறுப்பு என்றால் கறுப்பின மக்கள், வெள்ளை என்றால் வெள்ளையர் என்று அரசே எழுதி வைத்திருந்தால், யாருக்கு எத்தனை அங்குலம் கிடைத்தது என்று அளந்து பார்க்கும் சண்டை அன்றைக்கே ஆரம்பித்திருக்கும். அதுவும் ஆட்களைத் தோலின் நிறத்தை வைத்துப் பதிவேட்டில் எழுதிய ஆட்சி முடிகிற நேரத்தில்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் என்ன எழுதுவது என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

அர்த்தம் இல்லை, சரி. நிறங்கள் எங்கிருந்து வந்தன?

இதற்குத் தெளிவான பதில் உண்டு. கறுப்பு, பச்சை, தங்கம் மூன்றும் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் நிறங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் பிரிட்டிஷ் கொடியிலும் இருந்தன, டச்சு வழி வந்த போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசுக் கொடியிலும் இருந்தன. டிரான்ஸ்வால் கொடியில் கம்பத்தை ஒட்டி நெடுக ஒரு பச்சைப் பட்டையும் உண்டு, ஆகவே பச்சை இரண்டு பக்கத்துக்கும் சொந்தம்.

இப்போது கொடியை மறுபடி பாருங்கள். இடது பக்கத்தில் கறுப்பு, தங்கம், பச்சை ஒட்டி நிற்கின்றன. வலது பக்கத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம். இரண்டு தொகுதிக்கும் நடுவில் ஓடுவது, இருவருக்கும் பொதுவான பச்சை. முன்னே சொன்ன கோடுகளை மாற்றிப் போடக் கூடாது என்றதன் காரணம் இதுதான். நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டவர்களின் கொடிகளைப் பிரித்து மறுபடி தைத்தது போல ஒரு துணி இது. இதையும் அரசு அர்த்தமாகச் சொல்வதில்லை, வரலாறாகச் சொல்ல நமக்குத் தடையில்லை.

அந்த ஒய் வடிவத்துக்காவது ஏதாவது பொருள் உண்டா?

அதற்கு மட்டும் அரசு ஒரு விளக்கம் தருகிறது, அதுவும் "இப்படி எடுத்துக்கொள்ளலாம்" என்ற அளவில். கம்பத்தின் பக்கம் இரண்டாகத் தொடங்கி ஒன்றாகச் சேர்ந்து ஓடும் பட்டை, தென்னாப்பிரிக்கச் சமூகத்தின் வெவ்வேறு கூறுகள் ஒன்றுகூடி, ஒற்றுமையாக முன்னால் இருக்கிற பாதையில் போவதைக் காட்டுகிறது.

1994க்கு முன்னால் என்ன கொடி பறந்தது?

ஆரஞ்சு, வெள்ளை, நீலம் என்று படுக்கைவாட்டில் மூன்று பட்டைகள். நடு வெள்ளையில் குட்டி குட்டியாக மூன்று கொடிகள்: கம்பத்துப் பக்கம் பிரிட்டிஷ் கொடி, நடுவில் செங்குத்தாகத் தொங்கும் ஆரஞ்சு விடுதலைக் குடியரசின் கொடி, அதற்கடுத்து டிரான்ஸ்வால் கொடி. கொடிக்குள் கொடி வைத்த இந்த வினோதத்துக்குப் பின்னால் பெரிய சண்டை ஒன்று உண்டு.

1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாரும் போயர்களும் கடுமையாகப் போரிட்டார்கள். பிரிட்டிஷார் நடத்திய முகாம்களில் போயர் பெண்களும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பினத்தவரும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அவர்களைப் பற்றிப் பல காலம் யாரும் பேசவில்லை. 1910 மே 31 அன்று கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு நதிக் குடியேற்றம் (பழைய ஆரஞ்சு விடுதலைக் குடியரசு) நான்கும் சேர்ந்து ஒன்றியமானது. எந்தக் கொடியின் கீழ் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்களோ அதே பிரிட்டிஷ் கொடிக்கு போயர் வழி வந்த, ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசும் வெள்ளையர் மரியாதை செலுத்த வேண்டியிருந்தது. 1920களின் நடுவில் ஹெர்ட்சோக் பிரதமராக இருந்தபோது, உள்துறை அமைச்சர் டி. எஃப். மலான் புதுக் கொடிக்கு மசோதா கொண்டுவந்தார். பிரிட்டிஷ் கொடி இல்லாத கொடியை ஏற்க மாட்டோம் என்று ஆங்கிலம் பேசும் வெள்ளையர் கொதித்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் யார் என்றால் ஸ்மட்ஸ், காந்தியுடன் 1914இல் உடன்பாடு செய்துகொண்ட அதே ஸ்மட்ஸ். நேட்டால் ஒன்றியத்தைவிட்டே போய்விடும் என்ற பேச்சு வரைக்கும் போனது.

கடைசியில் 1927இல் சமரசம் செய்து சட்டம் போட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு டச்சு இளவரசர் கொடியின் மூன்று நிறங்களை அடிப்படையாக எடுத்து, நடுவில் இரு தரப்பின் கொடிகளையும் வைத்துவிட்டார்கள். 1928 மே 31 அன்று ஏற்றினார்கள். அதிலும் பிரிட்டிஷ் கொடி தனியாகப் பக்கத்தில் பறக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1957 வரை இருந்தது.

இவ்வளவு சண்டையும் வெள்ளையருக்கும் வெள்ளையருக்கும் நடுவில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களையோ, கலப்பினத்தவரையோ, இந்தியரையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கொடியில் அவர்களுக்கு ஒரு நூல்கூட இல்லை. 1948இல் இதே மலான் பிரதமராகி நிறவெறிச் சட்டங்களை அடுக்க ஆரம்பித்தபோது, காவல் நிலையத்தின் மேலும் நீதிமன்றத்தின் மேலும் சிறையின் மேலும் பறந்தது இந்தக் கொடிதான்.

கறுப்பின மக்கள் எந்தக் கொடியைத் தம் கொடியாக நினைத்தார்கள்?

எல்லோருக்கும் ஒரே கொடி இருந்ததில்லை, இயக்கத்துக்கு இயக்கம் வேறு. அதிகம் பரவியது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கறுப்பு, பச்சை, தங்கம். 1925 முதலே அவர்களுடைய நிறங்கள் இவை. மக்களுக்குக் கறுப்பு, நிலத்துக்குப் பச்சை, மண்ணுக்கடியில் இருக்கிற செல்வத்துக்குத் தங்கம் என்று அந்தக் கட்சி விளக்கம் சொல்கிறது. தேசியக் கொடியின் நிறங்களுக்கு இணையத்தில் சொல்லப்படுகிற அர்த்தங்களில் சில இங்கிருந்துதான் தப்பித் தாவியிருக்க வேண்டும்.

1960 ஏப்ரலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த மூன்று நிறங்களை வெளியே காட்டினால் சிறை என்ற நிலை. 1980களில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் சவப்பெட்டிகள் மேல் அதே நிறத் துணியைப் போர்த்திக் கொண்டுபோனார்கள், போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. 1990 பிப்ரவரி 2 அன்று தடை நீங்கியது. அடுத்த நான்கு ஆண்டில் அந்த நிறங்கள் தேசியக் கொடிக்குள் வந்துவிட்டன.

புதுக் கொடியை வடிவமைத்தது யார்? போட்டி வைத்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள்?

போட்டி வைத்தார்கள், அது தோற்றுப்போனது.

1993இல் தேசியச் சின்னங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைத்து, கொடி வரைந்து அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். 7,000க்கு மேல் வந்து குவிந்தன. அதிலிருந்து ஆறு எடுத்து மக்கள் முன்னால் வைத்தால், ஒன்றைக்கூட யாருக்கும் பிடிக்கவில்லை. சரி என்று தொழில்முறை வடிவமைப்பு நிறுவனங்களிடம் கேட்டார்கள், அதுவும் ஆகவில்லை. வருஷம் முடிந்து நாடாளுமன்றமும் விடுமுறைக்குப் போனது. 1994 ஏப்ரல் கடைசியில், எல்லா இனத்தவரும் ஓட்டுப் போடும் முதல் தேர்தல். கையில் கொடி இல்லை.

பிப்ரவரியில் இந்தப் பொறுப்பு இரண்டு பேர் தலையில் வந்து விழுந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் சார்பில் பேச்சுவார்த்தை நடத்திய சிரில் ராமபோசா, வெள்ளையர் ஆட்சியை நடத்திய தேசியக் கட்சியின் சார்பில் பேசிய ரோல்ஃப் மேயர். இவர்கள் நட்பைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு: முன்பு ஒரு நாள் மீன்பிடிக்கப் போன இடத்தில் தூண்டில் முள் மேயரின் விரலில் ஏறிக்கொள்ள, ராமபோசாதான் குறட்டால் பிடுங்கி எடுத்தாராம். அரசியல் சட்டம், ராணுவம், போலீஸ் என்று பெரிய விவகாரங்களை எல்லாம் பேசித் தீர்த்த இருவரிடம் கடைசி நேரத்தில் கொடி வந்து சேர்ந்தது.

அவர்கள் போய் நின்றது ஃபிரெடரிக் பிரவுனெல் என்ற அரசு அதிகாரியிடம். சின்னங்கள், முத்திரைகள், கொடிகளைப் பதிவு செய்து பாதுகாக்கும் அரசுத் துறையின் தலைவர் அவர். 1993 ஆகஸ்ட்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த உலகக் கொடியியல் மாநாட்டுக்குப் போயிருந்தபோது, கூட்டத்தில் உட்கார்ந்தபடியே நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் கிறுக்கி வைத்திருந்தார். இரண்டு கோடுகள் சேர்ந்து ஒன்றாகும் படம். கிறுக்கியதோடு சரி, அது நாட்டின் கொடியாகும் என்று அவருக்கே தெரியாது. 7,000 வடிவங்களும் தொழில்முறை வரைபடங்களும் கழிக்கப்பட்ட பிறகு, அவர் கொடுத்த சில மாதிரிகளில் இதுதான் எல்லோருக்கும் ஒத்துப்போனது.

1994 மார்ச் 15 அன்று இடைக்கால நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் 20 அன்று அதிபர் டி கிளர்க் அரசாணை வெளியிட்டார். ஏப்ரல் 27 முதல் பறந்தது. ஏற்றுக்கொண்ட நாளுக்கும் ஏற்றிய நாளுக்கும் நடுவே ஆறு வாரம்தான். பரந்த ஒரு நாட்டின் அரசு அலுவலகங்கள், தூதரகங்கள், கப்பல்கள், எல்லைச் சாவடிகள் எல்லாவற்றுக்கும் அதற்குள் கொடி தைத்து அனுப்ப வேண்டும் என்றால் தையல் கூடங்கள் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்.

பிரவுனெல் 2015இல், எழுபது வயது தாண்டிய பிறகு, இந்தக் கொடியைப் பற்றியே ஆய்வேடு எழுதி பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 2019 மே மாதம் காலமானார். இந்தக் கொடியால் அவருக்குப் பெரும்பணம் ஒன்றும் வரவில்லை, அரசு ஊழியராகச் செய்த வேலை அது. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

மண்டேலாவுக்குக் கொடி பிடித்ததா?

சம்மதம் சொன்னார், சொன்ன விதம்தான் சுவாரசியம். முடிவெடுக்க வேண்டிய அன்றைக்கு அவர் ருஸ்டன்பர்க்கில் இருந்தார். மின்னஞ்சல் பரவாத காலம், ஃபேக்ஸில் அனுப்பினார்கள். ஃபேக்ஸில் ஏது நிறம்? கறுப்பும் வெள்ளையுமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்தவர்கள் பக்கத்துக் கடைக்கு ஓடி நிறப் பென்சில் வாங்கிவந்து, தொலைபேசியில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் தீட்டி அவரிடம் காட்டினார்கள் என்று பேச்சுவார்த்தையில் இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். டி கிளர்க் தன் பங்குக்கு அமைச்சரவையிடம் காட்டிச் சம்மதம் வாங்கினார்.

இது தற்காலிகக் கொடி என்று படித்தேனே?

ஆரம்பத்தில் அப்படித்தான். இடைக்கால அரசியல் சட்டத்தின் கீழ் வந்த இடைக்காலக் கொடி, அப்புறம் நிதானமாக நல்லதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்ற எண்ணம். மக்கள் பிடித்துக்கொண்டுவிட்டதால் அந்தப் பேச்சே எழவில்லை. 1996இல் நிரந்தர அரசியல் சட்டம் எழுதியபோது நான்காவது பிரிவில் இந்தக் கொடியையே வைத்தார்கள், அளவும் படமும் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

மக்கள் அவ்வளவு சீக்கிரம் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில்தான் அது நடந்தது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1960க்குப் பிறகு முதல்முறையாகத் தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்கில் இறங்கியது, ஆனால் எந்தக் கொடியோடு நடப்பது? பழைய கொடியைத் தூக்க முடியாது, புதியது பிறக்கவில்லை. ஒலிம்பிக்குக்காகத் தனியாக ஒரு கொடி செய்து அதன் பின்னால் நடந்தார்கள். 10,000 மீட்டர் ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் டெரார்டு துலு தங்கம் வாங்க, வெள்ளியை வாங்கியவர் தென்னாப்பிரிக்காவின் எலனா மேயர். இருவரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். கறுப்பினப் பெண்ணும் வெள்ளையினப் பெண்ணும் சேர்ந்து ஓடிய அந்தக் காட்சியை உலகமே பார்த்தது, ஆனால் எலனா எடுத்துப் போர்த்திக்கொள்ள அவர் நாட்டுக்கு அன்று ஒரு கொடி இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நியூசிலாந்தோடு ரக்பி ஆட்டம். பழைய கொடியையும் பழைய தேசிய கீதத்தையும் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் மீறி, வெள்ளையர் கூட்டம் அந்த ஆரஞ்சுக் கொடியை ஆட்டிக்கொண்டு வேண்டுமென்றே பாடியது.

மூன்று ஆண்டு கழித்து, 1995 ஜூன் 24 அன்று, அதே எல்லிஸ் பார்க், எதிரே அதே நியூசிலாந்து, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். வெள்ளையரின் விளையாட்டு என்று கறுப்பினத்தவர் வெறுத்த ரக்பியின் பச்சைச் சட்டையை, அணித் தலைவர் பியனாரின் 6ஆம் எண்ணோடு, மண்டேலா போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். இப்போதும் கூட்டத்தில் பெரும்பாலும் வெள்ளையர்தான். ஆனால் கைகளில் இருந்தது ஆறு நிறக் கொடி. 15க்கு 12 என்று ஜெயித்த பிறகு தெருவெல்லாம் அந்தக் கொடிதான். மூன்று ஆண்டுக்குள் ஒரே மைதானத்தில் நடந்த இந்த மாற்றத்தைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு ஓராண்டு முன்னால், 1994 மே 10 அன்று மண்டேலா பதவியேற்றபோது, பிரிட்டோரியாவின் வானத்தில் ராணுவ ஜெட் விமானங்கள் கொடியின் ஆறு நிறப் புகையைக் கக்கிக்கொண்டு பறந்தன. தன்னைச் சிறையில் வைத்திருந்த அரசின் ராணுவ விமானங்கள் தனக்கு மரியாதை செய்ததை மண்டேலா தம் வாழ்க்கை வரலாற்றில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

பழைய கொடி தடை செய்யப்பட்டதா?

வைத்திருப்பதே குற்றம் என்கிற மாதிரியான தடை இல்லை. ஆனால் காரணமில்லாமல் பொதுவெளியில் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017 அக்டோபரில் பண்ணைக் கொலைகளைக் கண்டித்து நடந்த போராட்டத்தில் சிலர் பழைய கொடியை ஏந்தி வந்தார்கள் என்று நெல்சன் மண்டேலா அறக்கட்டளை சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனது. ஆஃப்ரிஃபோரம் என்ற அமைப்பு இது பேச்சுரிமை என்று எதிர்வாதம் செய்தது. 2019 ஆகஸ்ட் 21 அன்று நீதிபதி ஃபினியாஸ் மோஜாபெலோ அறக்கட்டளை பக்கம் தீர்ப்பளித்தார். 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கலை, ஆய்வு, செய்தி போன்ற தேவைகளுக்குக் காட்டலாம். ஆகவே வரலாற்றுக் கட்டுரையில் படம் போடுவதில் பிரச்சினை இல்லை.

ஒரு பழைய துணிக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு: 2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றவன், அதற்கு முன் எடுத்துக்கொண்ட படத்தில் சட்டையில் குத்தியிருந்த கொடிகளில் ஒன்று இது. பிறந்ததிலிருந்து தென்னாப்பிரிக்காவில் கால் வைக்காதவனுக்கும் அந்தக் கொடி என்ன சொல்கிறது என்பது தெரிந்திருக்கிறது.

தமிழருக்கும் இந்தக் கொடிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

கொடியின் வடிவத்தில் இல்லை. அது பறக்கிற மண்ணில் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிவந்ததில் தொடங்கி, பல தலைமுறைத் தமிழர் அங்கே வாழ்கிறார்கள். மேலே சொன்ன மூன்று கொடிக் காலங்களையும் அவர்கள் அனுபவித்தார்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தில் வீடு வாசலை இழந்தவர்களில் அவர்களும் உண்டு.

தில்லையாடி வள்ளியம்மை கதையைப் பலர் கேட்கிறார்கள். "உங்கள் நாட்டுக்குக் கொடிகூட இல்லையே" என்று அதிகாரி கேலி செய்ய, சேலையைக் கிழித்து "இதுதான் எங்கள் கொடி" என்று வள்ளியம்மை வீசினாராம். இது நம் ஊரில் செவிவழியாக வளர்ந்த கதை. காந்தி தம் தென்னாப்பிரிக்கப் போராட்ட வரலாற்றில் பதிந்து வைத்திருப்பது வேறொரு உரையாடல்: சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று அவர் கேட்டபோது, இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்றாள் அந்தப் பெண். 1914 பிப்ரவரி 22 அன்று, சிறையில் வந்த காய்ச்சலில் இறந்தபோது வயது 16. கொடிக் கதை இல்லாமலே இது போதும்.

நிஜமான தொடர்பு ஒன்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. கொடியை நிரந்தரமாக்கிய அதே 1996 சட்டத்தில், கொடிக்கு இரண்டு பிரிவு தள்ளி ஆறாவது பிரிவில், நாட்டில் பேசப்படும் மற்ற மொழிகளுக்கும் மதிப்புத் தர வேண்டும் என்று சொல்லி வரிசையாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் தமிழ் இருக்கிறது, தெலுங்கும் குஜராத்தியும் இந்தியும் உருதும் இருக்கின்றன.

100 மீட்டர் கம்பத்தில் கொடி ஏற்றப் போனார்களாமே, என்ன ஆயிற்று?

நடக்கவில்லை, நல்லதுக்குத்தான். 2022இல் விளையாட்டு மற்றும் பண்பாட்டுத் துறை பிரிட்டோரியாவின் ஃப்ரீடம் பார்க்கில் 100 மீட்டருக்கு மேல் உயரமான கம்பம் நட்டு மாபெரும் கொடி ஏற்றப் போவதாகச் சொன்னது. செலவு 2.2 கோடி ராண்ட். கொரோனாவில் வேலை போய், கலைஞர்கள் நிவாரணத்துக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். நாடே திட்டியது. அமைச்சர் நாத்தி முத்தெத்வா அந்த மே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று, அப்படிச் செய்யச் சொன்னவர் அதிபர் ராமபோசா. 1994இல் கொடிக்கு வழி செய்த அதே ராமபோசாதான்.

2023 உலகக் கோப்பையில் இந்தக் கொடிக்குத் தடை வந்ததா?

வரப் பார்த்தது. நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் உலக விதிகளோடு ஒத்துப்போகவில்லை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அறிவித்தது. அப்படியே விட்டிருந்தால் பெரிய போட்டிகளில் தென்னாப்பிரிக்கக் கொடியை ஏற்றவே முடியாது. பிரான்சில் ரக்பி உலகக் கோப்பையும் இந்தியாவில் கிரிக்கெட் உலகக் கோப்பையும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயும், சட்டத்தைத் திருத்தும் வேலையில் இறங்கியும் தடையைத் தள்ளிப்போட்டார்கள். அதனால்தான் அக்டோபர் 27 அன்று நம் சேப்பாக்கத்தில் கேசவ் மகராஜ் பவுண்டரி அடித்துப் பாகிஸ்தானை ஒரு விக்கெட்டில் வென்றபோதும், மறுநாள் பாரிஸ் பக்கம் நியூசிலாந்தை 12க்கு 11 என்று வென்று ரக்பி கோப்பையைத் தூக்கியபோதும் கொடி அதனிடத்தில் இருந்தது.

இதே மாதிரி வேறு கொடி இருக்கிறதா?

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் கொடியிலும் படுத்த ஒய் உண்டு, அது 1980லேயே வந்துவிட்டது. அங்கே ஒய் மெலிசாக, மஞ்சளில் இருக்கும். மேலே சிவப்பு, கீழே பச்சை, கறுப்பு முக்கோணத்தில் பன்றிக் கொம்புச் சின்னம். ஆறு நிறம் என்று பார்த்தால் 2011இல் பிறந்த தெற்கு சூடானின் கொடியைச் சொல்லலாம்.

விழாவில் தொங்கவிடப் போகிறோம். எப்படி வைத்தால் சரி?

படுக்கைவாட்டில் என்றால் சிவப்பு மேலே, கறுப்பு முக்கோணம் பார்ப்பவரின் இடது கைப்பக்கம். நீலம் மேலே வந்தால் தலைகீழ், இந்தத் தப்பு அந்த நாட்டிலேயே அடிக்கடி நடக்கிறது. சுவரில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டால் கறுப்பு மேலே இருக்க வேண்டும், சிவப்பு பார்ப்பவரின் இடது பக்கம் வர வேண்டும். வெறுமனே படுக்கைவாட்டுக் கொடியை அப்படியே திருப்பினால் சிவப்பு வலது பக்கம் போய்விடும், ஆகவே துணியைப் பின்பக்கம் புரட்டி மாட்டுங்கள். தரையில் படக் கூடாது, மேசை விரிப்பாகப் போடக் கூடாது, சிலை திறப்பு விழாவில் சிலையை மூடப் பயன்படுத்தக் கூடாது. அச்சுக்குக் கொடுக்கும்போது, கறுப்பை ஒட்டி மஞ்சள் கோடு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள், அச்சகத்தில் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.